பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பழைய ஷெவர்லே பிக்கப் மீது ஆசை வைத்திருக்கும் தமிழ்த் தம்பி, தங்கைகளுக்கு,



நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போதெல்லாம் பேச்சு எப்படியும் பழைய வண்டிப் பக்கம் திரும்பிவிடுகிறது. "அண்ணா, 1970 சி-10 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. 350 என்ஜின், பெரிய கேம், ஹெடர்ஸ், புது கார்புரேட்டர், 4.11 கியர் எல்லாம் போட்டிருக்காங்களாம். வாங்கலாமா?" என்று கைபேசியை நீட்டுகிறீர்கள். வேலைக்குச் சேர்ந்து சேர்த்த பணத்தில் இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பது நல்ல ஆசை. அந்த ஆசை கடனாகவும் கவலையாகவும் முடியக்கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் நீங்கள் படிப்பது வாங்கிப் போட்ட சாமான்களின் பட்டியல் மட்டுமே. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? கூடிய வேகத்துக்கு ஈடாக பிரேக்கும் ரேடியேட்டரும் மாறியிருக்கின்றனவா? செய்த வேலைக்குக் காகிதம் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வராதவரை அந்தப் பட்டியலுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நான் பேசுவது 1967 முதல் 1972 வரை வந்த சி-10 பற்றி. அரை டன் வகை, பின்சக்கர இழுவை. நாலு சக்கர இழுவை வேண்டியவர்களுக்குக் கே-10. பண்ணைக்காரருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் சுமை ஏற்றிக் கொடுக்கப் பிறந்த வண்டி இது. 250, 292 கன அங்குலத்தில் ஆறு சிலிண்டர் என்ஜின்கள். வி-8 கேட்டவர்களுக்கு அந்தந்த ஆண்டைப் பொறுத்து 283, 307, 327, 350. இன்னும் பெரிதாகக் கேட்டவர்களுக்கு 396, 402. இவற்றில் 283 முதல் 350 வரையிலானவை ஸ்மால் பிளாக் குடும்பம். 1955-இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய அந்த வடிவமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்ததால், ஒரு காலத்து ஹெட்டை இன்னொரு காலத்து பிளாக்கில் மாட்டலாம். உதிரிபாகமும் எந்த ஊரிலும் கிடைக்கும். கை வைக்கப்படாத சி-10 அரிதாகப் போனதற்கு இதுதான் காரணம். ஐம்பது ஆண்டுகளில் நாலைந்து பேர் கை மாறி, ஆளுக்கொன்று மாற்றியிருப்பார்கள். நீங்கள் வாங்குவது அத்தனை பேருடைய முடிவுகளையும் சேர்த்துத்தான்.

குதிரைத்திறன் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1971-இல் இந்த வண்டியின் 350 என்ஜினுக்கு ஷெவர்லே சொன்னது 250 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே அதே என்ஜினுக்கு 175 என்று எழுதினார்கள். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அளக்கும் முறைதான் மாறியது. அதுவரை ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் என்ஜினைத் தனியாக மேடையில் ஓடவிட்டு அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் இருக்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஆகவே விற்பவர் 250 என்றாலும் 400 என்றாலும், எந்த முறையில், எங்கே அளந்தது என்று கேளுங்கள். சக்கரத்தை உருளையில் ஏற்றி அளக்கும் டைனோ காகிதம் இருந்தால் அதை நம்பலாம். ஆனால் அது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த பலத்தைக் காட்டுவது; என்ஜினில் பிறந்ததைவிட ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் குறைவாகவே இருக்கும்.

டைனோ காகிதம் இல்லை, பந்தய ஓடுதளத்தில் கால் மைல் ஓட்டிய சீட்டு இருக்கிறது என்றால் அதுவும் சாட்சிதான். ஆளோடு சேர்த்து வண்டி எடை 4,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் கடந்த வேகத்தை 234-ஆல் வகுத்து, வருவதை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதை எடையால் பெருக்கினால் தோராயமான குதிரைத்திறன் கிடைக்கும். மணிக்கு 85 மைல் வேகத்தில் கடந்த வண்டிக்கு 190 சொச்சம் வரும். 400 என்று சொல்கிற வண்டி 108 மைல் வேகத்தையாவது தொட்டிருக்க வேண்டும். இந்த ஒரு கணக்குக்குப் பல விளம்பரங்கள் தாங்காது.

அடுத்த கேள்வி, பானட்டுக்குள் இருப்பது உண்மையிலேயே 350-தானா என்பது. 305, 307, 327, 350 எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம். வின் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1971 வரை அதன் இரண்டாவது எழுத்து 'எஸ்' என்றால் வண்டி ஆறு சிலிண்டரோடு பிறந்தது, 'இ' என்றால் வி-8-ஓடு பிறந்தது. 1972-இல் அந்த எழுத்து மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. டேஷ்போர்டு கிளவ் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிய காகிதம் இன்னும் இருந்தால், தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த கியர்பாக்ஸ், பின் அச்சு விகிதம் எல்லாம் அதில் இருக்கும். ஆறு சிலிண்டரோடு பிறந்த வண்டியில் இன்று வி-8 இருந்தால் அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ரேடியேட்டரும் ஸ்பிரிங்கும் பழைய சின்ன என்ஜினுக்கானவையாகவே நின்றுவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

பிறகு டார்ச்சோடு என்ஜினின் பின்பக்கம் குனியுங்கள். ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில் வார்ப்பு எண் புடைத்து நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் படிக்கலாம். 3970010 என்ற எண் 350-க்குப் பெயர் போனது. ஆனால் அதே வார்ப்பு 327-க்கும் போயிருக்கிறது. அதனால் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் உள்ள சின்னச் சமதளத்தில் குத்திய எழுத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிளாக்கின் மேல்தளத்தை மெஷின் ஷாப்பில் சீவியிருந்தால் அந்த எழுத்துகள் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் சீவியதற்கான ரசீதைக் கேளுங்கள். எவ்வளவு போர் எடுத்தார்கள், எந்த அளவு பிஸ்டன் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். "நாலு போல்ட் மெயின்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அடியில் ஆயில் பேனைக் கழற்றிப் பார்க்காமல் அதை யாரும் கண்ணால் காட்ட முடியாது. புகைப்படம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அதற்கு விலை இல்லை.

இப்போது கார்புரேட்டருக்கு வருவோம். பெரியதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காகிதமும் பென்சிலும் எடுங்கள். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது. ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். ஆகவே 350-ஐ அதிகபட்சச் சுழற்சி 5,500-ஆல் பெருக்கி, 3,456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 557 கன அடி. தெருவில் ஓடும் சாதாரண என்ஜின் அதில் 85 சதவீதத்தை இழுத்தாலே பெரிது, அப்படியானால் 473. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் 600 கன அடி கார்புரேட்டரே இதற்குப் போதும், மிச்சமும் உண்டு. 750 கன அடியில் நாலு வாயும் மிதித்தவுடன் இயந்திர இணைப்பால் திறக்கிற வகையை இந்த என்ஜினில் உட்காரவைத்தால், குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் விழுந்துவிடும். பெட்ரோல் சரியாகக் கலக்காது. சிக்னலில் கிளம்பும்போது என்ஜின் திக்கும், பிளக் கரியும், எண்ணெய் பெட்ரோல் வாடை அடிக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தானே மாட்டிய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்டும் 750 கன அடி வகைதான். ஆனால் அதன் முன் இரண்டு வாயும் சின்னவை, பின் இரண்டும் பெரியவை. பின்வாய்களுக்கு மேலுள்ள மடல், என்ஜின் இழுக்கிற காற்றின் அளவுக்கே திறக்கும். அதனால் அது தெருவில் நன்றாக ஓடுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளப்பான ஒன்றைப் போட்டிருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் வண்டியைப் புரிந்து வைத்திருப்பவர்.

இந்த மடலில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது கேம்ஷாஃப்டைப் பற்றித்தான். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அது. பெரிய கேம் வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும். 4,000-க்கு மேல் சுழலும்போது காற்று நிறைய உள்ளே போக அது உதவும். அதே நேரம் உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் இடைவெளியும் கூடுவதால், ஸ்லோ ஸ்பீடில் எரிந்த வாயு திரும்ப உள்ளே கலந்து என்ஜின் குலுங்கும். அந்தக் குலுங்கல் சத்தம்தான் பலரையும் மயக்குகிறது. ஆனால் பிக்கப் ஒன்றைத் தினமும் ஓட்டுகிறவர் பெரும்பாலான நேரம் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் ஓட்டுகிறார். அங்கே இழுவையைப் பறித்து, அவர் போகவே போகாத 5,500-இல் கொண்டுபோய் வைக்கிறது அந்தக் கேம்.

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜ் ஒன்றைச் செருகி, சூடான என்ஜினை ஸ்லோவில் விட்டுப் பாருங்கள். தொழிற்சாலைக் கேம் என்றால் முள் 17, 18 அங்குலத்துக்கு மேல் அசையாமல் நிற்கும். பெரிய கேம் என்றால் 10, 12-இல் ஆடிக்கொண்டிருக்கும். பவர் பிரேக்கின் பூஸ்டர் வேலை செய்வது இந்த வாக்குவத்தால்தான். அதற்கு 16, 18 அங்குலமாவது வேண்டும். முள் 10-இல் ஆடும் வண்டியில், நெரிசலில் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். மிதிக்கிற பலத்தில்தான் வண்டி நிற்க வேண்டியிருக்கும். இதற்கு மாற்று உண்டு: மின்சார வாக்குவம் பம்ப், ஸ்டியரிங் பம்ப்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோ பூஸ்ட், அல்லது பூஸ்டரே இல்லாமல் அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர். பெரிய கேம் போட்டவர் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை என்றால், அவர் வண்டியைச் சத்தத்துக்காக மட்டும் கட்டியிருக்கிறார்.

வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு கேமோடும் ஒரு அட்டை வரும். 0.050 அங்குலத் தூக்கலில் அது எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்பது அதில் அச்சாகியிருக்கும். அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரோலர் இல்லாத பழைய தட்டை டேப்பெட் கேம் என்றால் என்ன எண்ணெய் ஊற்றுகிறார் என்றும் கேளுங்கள். இன்றைய கார்களுக்கான எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைத்துவிட்டார்கள். தட்டை டேப்பெட்டைத் தேய்மானத்திலிருந்து காப்பது அந்தக் கலவைதான். "எது மலிவோ அது" என்ற பதில் வந்தால், கேமின் மேடுகள் தேய்ந்திருக்கலாம் என்று கணக்கில் வையுங்கள்.

பெரிய கேமோடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் டார்க் கன்வர்ட்டரும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். சாதாரண கன்வர்ட்டர் என்றால் டிரைவில் போட்டதுமே என்ஜின் திணறி அணையப் பார்க்கும். உயர் சுழற்சியில் பிடிக்கும் கன்வர்ட்டர் என்றால் சூடு அதிகம். கியர் எண்ணெய்க்குத் தனி கூலர் வேண்டும். முன்னால் குனிந்து அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இக்னிஷன் மாற்றம் பெரும்பாலும் நல்ல மாற்றமே. 1975 மாடல்களிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் பாயிண்டுக்குப் பதிலாக எச்.இ.ஐ. மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரைப் பரவலாகப் போட்டது. மூடியிலேயே காயில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் பழைய சி-10-இல் அப்படியே உட்காரும். ஆனால் பாயிண்ட் காலத்தில் காயிலுக்குப் போன வயர், மின்னழுத்தத்தைக் குறைக்கும் தடை வயர். அதிலேயே எச்.இ.ஐ.-யை இணைத்துவிட்டவர்கள் ஏராளம். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். இல்லாவிட்டால் உயர் சுழற்சியில் மிஸ்ஸிங் அடிக்கும், மாட்யூல் போகும். என்ஜின் ஓடும்போது அந்த முனையில் வோல்ட் மீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டைமிங் லைட் கொண்டுவருபவர் கிடைத்தால், வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு 3,000 சுழற்சியில் மொத்த அட்வான்ஸ் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஹெட்டுள்ள ஸ்மால் பிளாக்குக்கு 34 முதல் 36 டிகிரி. அதற்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் டெக்சாஸ் கோடையில் மேட்டில் இழுக்கும்போது நாக்கிங் வரும். பிஸ்டன் உடைவது அப்படித்தான்.

ஹெடர்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புகை வெளியேறுவதை அது எளிதாக்கும் என்பது உண்மை. கேஸ்கெட் ஊதுகிறதா, பிளக் வயர் குழாயில் பட்டுக் கருகியிருக்கிறதா, சூடான பிறகு ஸ்டார்ட்டர் சுழலத் தயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பின் அச்சின் விகிதம் தெரியாமல் என்ஜினை மதிப்பிட முடியாது. விற்பவர் சொல்லும் எண்ணை நம்பத் தேவையில்லை; நீங்களே எண்ணலாம். முன்சக்கரங்களுக்கு நன்றாக முட்டுக் கொடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஒருவர் டயரைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு என்றால் 3.73. நாலுக்கு மேல் கொஞ்சம் என்றால் 4.11. ஒரு சக்கரம் தரையில் இருக்கும்போது மற்றது தனியாகச் சுற்ற மறுத்தால் அது லிமிடெட் ஸ்லிப் வகை. இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஒரே ஒரு சுற்றுச் சுற்றி எண்ணுங்கள்.

அந்த எண் எதற்கு? மைல் வேகத்தை விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் அங்குல உயரத்தால் வகுத்தால், நேர் கியரில் என்ஜின் சுழற்சி வந்துவிடும். 28 அங்குல டயரில் 65 மைல் வேகத்துக்கு 3.07 என்றால் ஏறக்குறைய 2,400, 3.73 என்றால் 2,900, 4.11 என்றால் 3,200. டி.எச். 350 போன்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கோடு 4.11 இருந்தால், டாலஸிலிருந்து ஹூஸ்டன் வரை 3,200 சுழற்சியிலேயே போக வேண்டும். காதும் பெட்ரோல் செலவும் தாங்காது. 700 ஆர்-4 போன்ற ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸில் நாலாவது கியர் 0.70 என்பதால், 3.73-இலும் 2,000 சொச்சத்தில் நிம்மதியாக ஓடும். ஆனால் 700 ஆர்-4 இருந்தால் கார்புரேட்டரிலிருந்து அதற்குப் போகும் டி.வி. கேபிளை அவசியம் பாருங்கள். உள்ளே எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள். வேறு கம்பெனி கார்புரேட்டரில் அதைக் கோணல்மாணலாக மாட்டியிருந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்து கியர்பாக்ஸே போய்விடும்.

நிறுத்துவதைப் பற்றி. இந்த வண்டிகளில் முன் டிஸ்க் பிரேக் வழக்கமாக வரத் தொடங்கியது 1971-இல். அதற்கு முந்தையவை நாலு பக்கமும் டிரம். 1967 முதல் 1970 வரையிலான சி-10-இல் சக்கரத்துக்கு ஆறு போல்ட். 1971 முதல் ஐந்து. ஆகவே 1969 வண்டியின் முன்னால் ஐந்து போல்ட், பின்னால் ஆறு என்றால், பிற்கால வண்டியின் முன்பகுதி வந்திருக்கிறது என்று பொருள். அது நல்லதுதான், கூடவே மாஸ்டர் சிலிண்டரும், முன் பின் அழுத்தத்தைப் பகிரும் வால்வும் வந்தனவா என்று கேளுங்கள். 300 குதிரைத்திறனும் நாலு டிரம்மும் சேர்ந்த வண்டி என்றால், டிஸ்க் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பேரம் படியாவிட்டால் திரும்பி வாருங்கள்.

தாழ்த்திய வண்டிகள் அழகானவை. சி-10-இன் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் நீளக் கைகளும் கொண்ட அமைப்பு. இதே வகைக் கைகளைத்தான் நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்கள் 2021 வரை பயன்படுத்தின. முறையாகத் தாழ்த்தினால் வண்டி சாலையில் ஒட்டி ஓடும். பின்னால் அதிகம் இறக்கியிருந்தால் சேஸிஸில் அச்சுக்கு மேலே வளைவாக வெட்டி வலுப்படுத்தியிருக்க வேண்டும். அந்த வெட்டும் வெல்டும் எப்படி இருக்கின்றன என்று படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருந்தால் அதை மாற்றமாகவே எண்ணாதீர்கள். பெட்ரோல் டேங்கையும் பாருங்கள். இந்த வண்டிகளில் அது சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்தது. அதை வண்டிக்கு அடியில், சேஸிஸுக்கு நடுவே கொண்டுபோனவர் நல்ல காரியம் செய்திருக்கிறார். உள்ளே பெட்ரோல் வாடை அடித்தால் பேரம் அங்கேயே நிற்கட்டும்.

"எல்.எஸ். மாற்றியது" என்று வரும் வண்டிகள் தனி ரகம். 1997-இல் கார்வெட்டில் வந்த எல்.எஸ். என்ஜின் குடும்பத்தின் 5.3 லிட்டர் பிக்கப் என்ஜின் 1999-இல் வந்தபோதே, வண்டியில் உள்ளபடி அளந்து 270 குதிரைத்திறன். பழைய 350-இன் 175-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் முதல் சாவிக்கே எழும்பும், பெட்ரோலும் மிச்சம். ஆனால் கார்புரேட்டருக்கு ஆறேழு பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், இதற்கு 58 வேண்டும். பழைய ரப்பர் குழாயும் சாதாரண கிளிப்பும் அதைத் தாங்காது. டேங்க், பம்ப், குழாய், வயரிங் நாலும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதில்தான் இந்த மாற்றத்தின் தரம் இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே டேப் சுற்றிய வயர்க் கொத்து தொங்கினால், அதைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 1975-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் புகைச் சோதனை இல்லை. டெக்சாஸில் 24 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது; 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கான வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையும் எடுக்கப்பட்டுவிட்டது. இதைச் சலுகை என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே உங்கள் வண்டியின் பிரேக்கை இனி எந்த அதிகாரியும் சோதித்துப் பார்க்கப்போவதில்லை. நீங்கள் பார்த்தால்தான் உண்டு. காப்பீடு எடுக்கும்போது, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தரும் வகையைக் கேளுங்கள். ரசீதும் புகைப்படமும் அங்கேயும் உதவும்.

பார்க்கப் போகும் நாளில் செய்ய வேண்டியவை சில. நீங்கள் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீலோ கைடோ தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அரை மணி நேரமாவது ஓட்டி, நெரிசலில் நிறுத்தி வைத்து வெப்பமானியைப் பாருங்கள். சூடான பின் ஆயிரம் சுழற்சிக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் ஆயில் அழுத்தம் இருந்தால் நல்லது. கடைசியாக, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, எட்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

இவ்வளவையும் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். வண்டியை நேசித்து, பார்த்துப் பார்த்துக் கட்டியவர் உங்கள் கேள்விகளால் சலித்துக்கொள்ள மாட்டார். கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மிதமான கேம், 600 கன அடி கார்புரேட்டர், ஒழுங்காக வயர் செய்த எச்.இ.ஐ., முன் டிஸ்க், 3.73 அச்சு, ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் என்று 250 குதிரைத்திறனில் அடக்கமாக ஓடும் வண்டியை, 400 என்று வாயால் சொல்லும் வண்டியை விட்டுவிட்டுத் தயங்காமல் எடுங்கள். அதில் குழந்தையை உட்காரவைத்து ஊர் போய் வரலாம்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. விலை பேசும் முன், கார்புரேட்டர் காலத்து என்ஜின் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். வாங்கிய பிறகு நீங்கள் மாற்றும் ஒவ்வொன்றையும், பாக எண், தேதி, டைமிங், பார்த்த அளவுகள் என்று ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். இந்த வண்டிகள் நம்மோடு முடிகிறவை இல்லை; அடுத்து வாங்குகிறவருக்கும் உண்மை தெரிய வேண்டும்.

அன்புடன்,
டெக்சாஸிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்